சந்தைச் சதுக்கத்துக் குதிரை

ஹாலே, நவம்பர் 1942

நண்பா,

என் சிலைகளில் கடைசியாக நின்ற குதிரைவீரனையும் இன்று உருக்குவதற்கு இறக்கிவிட்டார்கள். போருக்கு வெண்கலம் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் எந்தச் சிலையை உருக்கலாம் என்று முடிவு செய்யும் தேர்வுக் குழுவின் தலைவரான நீ, "கலை மதிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாய்.

இறக்குவதற்காகக் குதிரையின் கழுத்தில் சங்கிலி மாட்டிய கூலியாள் எக்பர்ட் சொன்னான்: "மேல உக்காந்திருக்கிற ஆளு போனாப் போறான் ஐயா. குதிரை உசுரோட நிக்குதே! யாரு செஞ்சது?"

நாம் ஒரே பட்டறையில் இருந்தபோது வீரனைச் செய்தவன் நான், குதிரையைச் செய்தவன் நீ. உன் பெயரைச் சொன்னேன்.

"அடப் பாவமே! அவரு கண்ணுல பட்டிருந்தா தடுத்திருப்பாரே!"

அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்? நீ சொல்.

உன் பழைய கூட்டாளி