அப்பாவின் மாதுளைத் தோல் பரிசோதனை

அன்பு மகளுக்கு,

இதை எழுதும்போது சமையலறையில் இருப்பவர்கள் நான், உன் அப்பா, உன் சித்தப்பா, மாடிவீட்டுத் தையல்காரர், ஆக நான்கு பேர். ஆண்டவன் கிருபையில் மூவர் நலம். நாலாமவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் நலத்துக்கும் சேர்த்தே தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் உன் ஆய்வுக்கூடத்துச் செய்தி சொன்னாயே, மாதுளைத் தோலில் உள்ள ஏதோ சத்தை முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்கு வயிற்றின் உட்சுவர் அவ்வளவாகப் புண்ணாகவில்லை என்று. மனிதர்களுக்கு எப்படியோ இன்னும் தெரியாது என்றும் சொன்னாய், அதற்குள் உன் அப்பா பழக்கடைக்குக் கிளம்பிவிட்டார். மூட்டுவலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கியே வயிற்றைக் கெடுத்துக்கொண்ட மனிதர், டாக்டர் கொடுத்த வயிற்று மருந்தை அன்றே நிறுத்தினார். காலையில் ஒரு கரண்டி தோல் பொடி, ஒரு மணி நேரம் கழித்து மூன்று பச்சை மிளகாய், எலிகளுக்கும் இந்த வரிசைதானாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் பொடியில்லாமல் மிளகாய் தின்ன வேண்டுமே, அதற்குத் தையல்காரர். கடிகாரம் பார்ப்பது சித்தப்பா. எழுதி வைப்பது வழக்கம்போல என் தலையில். ஆறு நாளில் அப்பாவுக்கு விக்கல் நாற்பத்தொன்று, நெஞ்செரிச்சல் பதினெட்டு, தையல்காரருக்கு ஒரே ஒரு ஏப்பம். "எலியே தாங்குது, நான் தாங்க மாட்டேனா" என்ற அப்பா, நோட்டைப் பார்த்ததும் தையல்காரர் திருட்டுத்தனமாகப் பழம் தின்கிறார் என்று பழி போட்டார். அவரோ, "சத்தியமா தொடலை அண்ணி, எனக்குப் பழமே ஆகாது, நாளைக்கு மிளகாய் கொஞ்சம் பெருசாப் பாத்து வாங்குங்க" என்கிறார்.

சிரிக்காதே. இன்று காலை அப்பா நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குப் போனார். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டு வாங்கம்மா, தொண்டை வழியா கேமரா குழாய் விட்டு உள்ள பாத்துடணும்" என்றார். இவர் அசையவில்லை. "எந்த எலி குழாய் முழுங்குச்சு? என் பொண்ணு எலிக்கே விடாத குழாயை எனக்கு எதுக்கு விடணும்" என்று கேட்கிறார். என் பேச்சும் டாக்டர் பேச்சும் எடுபடவில்லை, நீ சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

நீயும் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். சித்தப்பா இதைப் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறார். ஒன்றே ஒன்றை மறைக்காமல் எழுது: குழாய் விடாமல் அந்த எலிகளின் வயிற்றுக்குள் எப்படிப் பார்த்தீர்கள்? இத்தனை வருஷம் மீன் வயிற்றைக் கீறிக் கழுவியவள் நான், பதில் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அது உன் கையெழுத்தில் வந்தால்தான் அவர் தானாக வாயைத் திறப்பார். நாளைக் காலை எட்டு மணிக்குள் நீயும் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் அம்மா