கோப்பையோடு என்னைக் கடந்து போனவளுக்கு

இன்று காலை அலுமாரியில் சேலை எடுக்கும்போது அந்தக் கோலாக்கொட்டை உருண்டு விழுந்தது. காய்ந்து, பாக்கைவிடக் கறுத்துப்போயிருக்கிறது. கசந்த மணம் மட்டும் இன்னும் போகவில்லை. எறிய மனமில்லை, வைத்திருக்கவும் எரிச்சலாக இருக்கிறது. உன் புருஷன் தந்த பொருள் அல்லவா.

எனக்கு ஒபின்னாவை ஒருநாளும் பிடித்ததில்லை, உனக்குத் தெரியும். நல்ல மனிதன், அதுதான் கூடுதல் எரிச்சல். நைஜீரியாவிலிருந்து கொழும்புக்குப் பந்து விளையாட வந்தவன், ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை வேதக்கோவிலில் நமக்கு முன் வாங்கில் முழங்காலில் நின்றான். அடுத்த செவ்வாய் நீ என்னை விட்டுவிட்டு முன் வாங்கிலேயே போய் இருந்தாய்.

முதன்முதல் உங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தபோது கோலாக்கொட்டை கொண்டுவந்தான். அவனுடைய இனம், இக்போ ஆட்கள், வீடு தேடி வந்தால் அது இல்லாமல் பேச்சே தொடங்க மாட்டார்களாம். செபம் சொல்லி, உடைத்து, எல்லாரும் தின்ற பிறகுதான் வந்த காரியம். உன் அப்பா அதைச் சாதிக்காய் என்று நினைத்து, "பிள்ளை, இதைக் குசினியில வை" என்று என்னிடம் நீட்டிவிட்டார். நான் கறுவாப் போத்தலுக்குள் போட்டு மூடிவிட்டேன். பாவம், அவன் குடித்த தேத்தண்ணிக்கு மேல் இன்னொரு தேத்தண்ணி குடித்தபடி, பெண் கேட்க வழியில்லாமல் இருந்தான். எனக்கு அன்று நல்ல சந்தோஷம்.

பிறகு உனக்கு அவனுடைய ஆட்களின் கதைகள் வந்து சேர்ந்தன. ராசா என்று ஒருவரும் இல்லாமல் ஊரே கூடியிருந்து முடிவெடுத்த கதை. பயாஃப்ரா என்று தனிநாடு கேட்டுத் தோற்ற போர். கைக்குழந்தையோடு, பசியோடு காட்டு வழியே நடந்த அவன் அம்மா. கேட்டு அழுதாய். பதிலுக்கு எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தைச் சொன்னாய், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா நம்மைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்ததை. அடியே, அந்தக் கட்டிலுக்கு அடியில் உன் வாயைப் பொத்தி, கையைப் பிடித்தபடி படுத்திருந்தவள் நான். அது நம் இருவருடைய கதை. என்னைக் கேட்காமலே அவனிடம் கொடுத்துவிட்டாய். நீ சொல்லும்போது அருகில்தான் இருந்தேன். "ஒரு சிநேகிதியும் இருந்தவ" என்று சொல்லிவிட்டு மேலே போனாய்.

கோவில் கல்யாணத்துக்கு முதல்நாள் வெள்ளவத்தை மண்டபத்தில் அவர்களுடைய முறையையும் செய்யவேண்டும் என்று நின்றான். பெண் ஒரு கோப்பையில் கள் ஏந்தி, கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மாப்பிள்ளையைத் தேடவேண்டும். கண்டுபிடித்து, முழங்காலில் நின்று கொடுத்து, அவன் குடித்துவிட்டால் அவள் அவன் மனைவி. தேடும்போது வழியெல்லாம் ஆட்கள் கூப்பிட்டுக் குழப்புவார்கள். நீர்கொழும்பிலிருந்து தென்னங்கள் வந்தது. அவனோடு பந்து விளையாடுகிற பெடியன்கள், "இங்க வாங்க, நான்தான் மாப்பிள்ளை" என்று கத்தினார்கள். உன் மாமாமார்கூடக் கத்தினார்கள். நீ என் கதிரைக்குக் கிட்ட வந்தபோது நானும் கூப்பிட்டேன்.

"இங்க வாடி. என்னட்ட வா."

எல்லாரும் பகிடிக்குக் கூப்பிட்டார்கள். நான் பகிடிக்குக் கூப்பிடவில்லை. நீ சிரித்தாய், ஒரு சொட்டும் சிந்தாமல் என்னைக் கடந்து போனாய்.

அதற்குப் பிறகு உனக்கு வெள்ளவத்தை வீடு, அவனுடைய சமையல், அவனுடைய பாஷையில் பாதி. உன்னைப் பார்க்க நான் பஸ் ஏறி வரவேண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் மாமாமாரும் போனபின் பிறந்த வீடென்று உனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எனக்குள் ஒரு கள்ள நம்பிக்கை இருந்தது, இனி என் பக்கம் கொஞ்சம் திரும்புவாய் என்று. வந்தது வருத்தம்தான், உன்னைப் படுக்கையில் போட்ட வருத்தம்.

நீ போன அன்று, உன் உடலை மலர்ச்சாலையில் விட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு போத்தல் சாராயம், இரண்டு கோலாக்கொட்டை. கதிரையைக் காட்டினேன், தரையில் இருந்தான்.

"அக்கா, செய்தி சொல்ல வந்தனான்."

"போனில சொன்னனிதானே."

"அது போன். இது முறை. எங்கட ஊரில மனுசி செத்தா, புருஷன் தன்ர எண்ணத்துக்கு அடக்கம் செய்ய ஏலாது. அவவின்ர ஆக்களிட்ட வரவேணும். அவை கேள்வி கேப்பினம். அவை ஓம் எண்டாத்தான் மண்."

"அவளுக்கு ஆர் இருக்கினம் இப்ப?"

"நீங்கதான் அக்கா."

கொட்டையை உடைக்கப் போனேன். பெண்கள் உடைப்பதில்லையாம், மெதுவாகத் திருப்பி வாங்கினான். நியாயம் கேட்கலாம், கொட்டை உடைக்கக் கூடாது, நல்ல சட்டம். ஒன்றை அவனே உடைத்தான். மற்றதை என் பக்கம் வைத்தான். தின்றேன், நாக்கெல்லாம் கசந்தது. பிறகு கேட்டேன்.

"எங்கட பிள்ளைக்கு என்ன நடந்தது? வடிவாப் பார்த்தனியா?"

எங்கட பிள்ளை. வாழ்நாளில் முதல் தடவையாக உன்னை அப்படிச் சொன்னேன், அதுவும் அவன் கொடுத்த உரிமையில். எல்லாவற்றுக்கும் தலை குனிந்தபடியே பதில் சொன்னான். கடைசியில், முறையில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"போகேக்குள்ள என்னைக் கேட்டவளா?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

"இல்லை அக்கா. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டே போயிட்டா."

கட்டிலுக்கு அடியில் நான் பிடித்திருந்த அதே கை. அந்தப் பெரிய உடம்பு தரையில் கிடந்து என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. உன் கைச்சூடு வரை எல்லாம் அவனுக்குக் கிடைத்திருந்தது, ஆனால் நான் சொல்லாமல் உன்னை மண்ணில் வைக்க அவனால் முடியாது. நேரம் எடுத்தேன். மனமார எடுத்தேன். பிறகு அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து, "ஓம்" என்றேன்.

காலையில் எடுத்த அந்தச் சேலையோடுதான் இன்று பின்னேரம் பொரளையில் உன் கல்லறைக்கு வந்தேன். எனக்கு முதல் அவன் வந்து நின்றான், வழக்கம்போல. மண்ணில் கொஞ்சம் சாராயம் ஊற்றி, எனக்கு விளங்காத பாஷையில் உன்னோடு கதைத்தான். உனக்கு விளங்கியிருக்கும், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் வாசல் தாண்டிப் போகும்வரை தள்ளி நின்றேன். பிறகு உன் பக்கத்தில் குந்தியிருந்து, கொட்டையைக் கைக்குள் பொத்தியபடி, கொட்டாஞ்சேனைத் தமிழில் கூப்பிட்டேன்.

"இங்க வாடி. என்னட்ட வா."

இந்தத் தடவை நீ கடந்து போகவில்லை.