கோழி எண் ஐந்து

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

கோழிகளை நொண்ட வைக்கும் இந்தக் கிருமி முதன்முதலில் யாரிடமிருந்து கோழிக்குப் போனது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. யாரோ ஒருவரின் கையிலிருந்து, நாம் பிறப்பதற்கு முன்பாகக்கூட இருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல முடியும். மனிதர்களின் மூக்கிலும் தோலிலும் இருந்த கிருமி இது. கோழி உடம்பில் பெருகப் பெருக அதன் மரபணுக்கள் மாறின. மனித உடம்பின் காவலை ஏமாற்ற வைத்திருந்தவை அங்கே உதவவில்லை, கெட்டு உதிர்ந்தன. பறவைகளிடம் ஏற்கெனவே குடியிருந்த கிருமிகளிடமிருந்து புதிய துண்டுகளை வாங்கிக்கொண்டது. புகுந்த வீடு பழகியதும் பிறந்த வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டது என்று வைத்துக்கொள்.

எங்கள் ஆய்வகத்துக்கு நீ அனுப்பிய ஐந்து மாதிரிக் குப்பிகளில் நான்கில் இருப்பது அதுதான். ஐந்தாவது அப்படியில்லை. மனிதருக்கான மரபணுக்கள் பத்திரமாக இருக்கின்றன. கோழிக்கானது ஒன்றுகூட இல்லை. 'கோழி எண் 5, இடது கால்' என்று உன் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறாய். அது கோழி இல்லை. யார்?

உன் மனைவி ஏன் என் போனை எடுப்பதில்லை?

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் எதையாவது மறைக்க நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது அவளுடைய கை. கட்டைவிரலுக்குக் கீழே சீழ்க்கட்டி. அந்தக் கையால்தான் குஞ்சுகளுக்குத் தீவனம் வைத்தாள். மருந்து போடுகிறேன் என்று உட்கார வைத்து, பஞ்சுக் குச்சியால் ஒற்றிக் குப்பியில் போட்டேன். அவளுக்குத் தெரியாது.

மறுநாள் இன்னும் சில கோழிகள் எழவில்லை. கொட்டகையில் ஆட்கள் முன்னால், "உன் கையாலதான் எல்லாம் சாகுது" என்று சொல்லிவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளிடமிருந்து கோழிக்குப் போய், இந்த ஒரு மாதத்திலேயே கிருமி மாறியிருக்கலாம் இல்லையா? நிச்சயமாகச் சொல். அவள் மேல் தப்பில்லை என்றால் உன் அறிக்கையைக் காட்டிக் கூட்டி வருகிறேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

மாறியிருக்காது. அவள் கையில் இருந்ததற்கும் கோழிகளிடம் இருப்பதற்கும் நடுவே பல ஆண்டு தூரம். எதையும் லேசில் நிச்சயம் என்று சொல்லாதவள் நான். இதை நிச்சயமாகச் சொல்கிறேன். கோழிகளிடம் இருப்பது நீ வாங்கிய குஞ்சுகளோடு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது நினைப்புதான். புதுக் குஞ்சுகளின் மாதிரி அனுப்பு.

அறிக்கையை அவளிடம் எடுத்துக்கொண்டு போகாதே. அவள் யாரிடமும் நற்சான்று கேட்கவில்லை. கட்டி ஆறியதா என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதைப் போய்க் கேள். மருந்து போடுவதாகச் சொல்லி என்ன செய்தாய் என்பதையும் நீயே சொல்லிவிடு. நானாகச் சொல்ல மாட்டேன். அவள் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெறுங்கையோடு போனேன். கட்டி ஆறியதா என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினாள். தழும்பு மட்டும் இருந்தது. குப்பி விஷயத்தை, அதில் ஒட்டிய பெயர் வரைக்கும், சொன்னேன். விரித்த கையை மூடிக்கொண்டாள். அவள் அக்கா எனக்குக் கொண்டுவந்த தேநீரைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

பிறகு பையோடு வந்தாள். பேருந்தில் பையை எங்கள் நடுவில் வைத்தாள். இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல் கொட்டகைச் சாவியைக் கேட்டாள். ஆட்களைக் கூப்பிட்டாள். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று அவர்கள் முன்னால் என்னைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அஞ்சாம் நம்பர் கோழி வந்துடுச்சுன்னு உங்க அக்காவுக்கு எழுதுங்க," என்றாள். "இனிமே மருந்தை நானே போட்டுக்கறேன்."

குஞ்சுகளின் மாதிரி இத்துடன் வருகிறது. ஒற்றி எடுத்ததும் பெயர் எழுதி ஒட்டியதும் அவள்தான்.

தம்பி