தொண்டை என்று எழுதிய குப்பி

மார்ச் 4

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. இந்தக் கோணல் எழுத்து முழுக்க என் சொந்தச் சம்பாத்தியம்.

உன் அண்ணிதான் வாத்தியார். பாத்திரம் கழுவி முடித்ததும் சாப்பாட்டு மேசையில் வகுப்பு. "மாமா, இந்த எழுத்துக்கு வால் எங்கே?" என்பாள். "நாளைக்குப் போடறேம்மா, இன்னிக்கு அது தூங்கட்டும்" என்பேன். பட்டறையில் தகரம் அடித்த காலமெல்லாம் கட்டைவிரலை வைத்தே சம்பளம் வாங்கினேன். இப்போது தெருவில் இறங்கினால் கடைப் பலகைகள் எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. முடி வெட்டும் கடைக்குள் போய் விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, முடி வெட்டாமலே வந்தேன்.

இனிமேல் வெளிநாட்டுப் போன் வேண்டாம். பட்டறையில் போன காதுக்கு நீ சொல்வது எதுவும் கேட்பதில்லை. நான் கத்துவது மட்டும் தெருவுக்கே கேட்கிறது. இப்போது கத்தவும் முடியவில்லை, தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது.

உனக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "டாக்டர்தான், ஆனா ஊசி போட மாட்டா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். சரியாக விளக்கி எழுது. கையால் எழுது. உன் கையெழுத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். படித்ததில்லை.

உன் அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையுறையைக் கழற்றிவிட்டு, கையையும் கழுவிவிட்டுத் தொட்டேன். லேப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அந்த வால் இல்லாத எழுத்தையும்தான்.

என் வேலையைச் சொல்கிறேன். படிப்பெல்லாம் முடிந்து, சொந்தமாக ஒரு லேப் கிடைக்கும்வரை இன்னொருவர் லேப்பில் ஆராய்ச்சி செய்வதற்குப் போஸ்ட்டாக் என்று பெயர். சமையல் தெரிந்த மருமகள் மாமியார் வீட்டு அடுப்பில் சமைப்பது மாதிரி. எங்கள் மாமியார், லேப்பின் தலைவர்.

நான் வளர்ப்பது புற்றுநோய்ச் செல்கள். பல வருஷங்களுக்கு முன்பு ஒருவருடைய தொண்டையிலிருந்து எடுத்தவை. அந்த மனிதர் போய்விட்டார். செல்கள் சாகவில்லை. குப்பியில் சிவப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றில், உடம்புச் சூட்டில், வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் வந்து தீனி போட வேண்டும். அவற்றுக்குப் பசி மட்டும்தான் தெரியும்.

அந்தச் செல்களைக் கொல்லும் மாத்திரை ஒன்றை எங்கள் லேப் கண்டுபிடித்தது. இப்போது ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். உங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலும்தான், அப்பா. அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் வரும். அதை வெளியிடும் பத்திரிகைக்காரர்கள், குப்பியில் இருப்பது அந்த மனிதரின் செல்தானா என்று கைரேகை பார்ப்பது மாதிரி ஒரு சோதனை கேட்டிருக்கிறார்கள். சும்மா சம்பிரதாயம்.

தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் குட்டிம்மா


ஏப்ரல் 5

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் கடிதத்தை அவசரப்படாமல் ஒரு வாரம் வைத்துப் படித்தேன். அண்ணி உதவிக்கு வந்தாள். "தள்ளிப் போம்மா, இது எங்க குடும்ப விஷயம்" என்று விரட்டிவிட்டேன். சாகாத செல்களைப் பற்றிப் படித்த அன்று சரியாகத் தூங்கவில்லை. அந்த மனிதரின் வீட்டாருக்குத் தெரியுமா, அவருடைய தொண்டை இன்னும் தீனி தின்றுகொண்டிருப்பது?

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாகப் போனேன். சுவரில் எழுதியிருந்த எதையும் விடவில்லை. 'அமைதி காக்கவும்' என்று போட்டிருக்கிறது. அங்கே என்னை விட அமைதியானவன் யாரும் இல்லை.

உன் அண்ணன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் கேட்காதே, ஆறிவிடும். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். பழைய பட்டறைக் கை இன்னும் மறக்கவில்லை.

பொது அறிவுக்காக ஒரு கேள்வி. உங்கள் மாத்திரை தொண்டைப் புற்றுக்கு மட்டும்தானா? நன்றாகக் கேட்கிறதா? நீ சொன்னால் சரி.

உன் அப்பா


ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். இங்கே கொஞ்சம் நெருக்கடி. அந்தக் கைரேகைச் சோதனையின் முடிவு வந்தது. எதிர்பார்த்த மாதிரி இல்லை. தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மறுபடி அனுப்பிப் பாக்கலாம். அதுவரைக்கும் இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது." நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் என் பின்னால் இருந்த கதவைப் பார்த்துப் பேசினார்.

எனக்கு இப்போது குப்பிகளைக் கையில் எடுக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கால்வாசிதான் இருந்தன, திங்கட்கிழமை பார்த்தால் தரை தெரியாமல் மூடியிருக்கின்றன. தொண்டைச் செல் இவ்வளவு வேகமாக வளருமா என்று நான் ஏன் முன்பே கேட்கவில்லை?

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், தொண்டைக்குத்தான். நன்றாகக் கேட்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அண்ணனோடு என்ன சண்டை? அவனிடம் கேட்டால், "அப்பாவையே கேளு" என்கிறான். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் குட்டிம்மா


மே 8

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

சொல்ல நேரம் வந்துவிட்டது. பயப்படாதே. நான் பயப்படவில்லை.

தொண்டைக் கட்டு என்று எழுதினேனே, அது வெறும் கட்டு இல்லை. குரல்வளையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குரல் கம்மி, கிசுகிசுப்பாகி மாதக் கணக்காகிறது, இப்போது அதுவும் வருவதில்லை. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். எழுதக் கற்றதும் அதனால்தான். பேச்சு போனால் உன்னோடு எப்படிப் பேசுவது? பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன்.

டாக்டர், "பெரியவரே, இப்பவே குரல்வளையை எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. பேச்சுதான் வராது" என்றார். உன் அண்ணன் அன்றே செய்துவிடலாம் என்று நின்றான். நான் உன் மாத்திரையைக் கேட்டேன். டாக்டர் ஆச்சரியப்பட்டுப் போனார். அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, ஆப்பரேஷன் தள்ளிப்போகும், தள்ளிப்போவதில் ஆபத்து உண்டு என்று படித்துப் படித்துச் சொன்னார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் உன் பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. நன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். மறுநாளே போனேன்.

நர்ஸ் சம்மதப் படிவத்தோடு மைப்பெட்டியை நீட்டினாள். தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை வாங்கினேன். என் முழுப்பெயரையும் எழுதினேன், என் அப்பா பெயரோடு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிற்கட்டும். என் மகள் செய்த மருந்துக்கு நான் ரேகை வைப்பேனா?

உன் அப்பா


மே 20

அப்பா,

முதலில் இதைப் படியுங்கள். மாத்திரையை நிறுத்துங்கள். இன்றே ஆப்பரேஷனுக்குச் சம்மதம் என்று டாக்டரிடம் எழுதிக் காட்டுங்கள்.

குப்பியில் இருப்பது தொண்டைச் செல் இல்லை. இரண்டாவது சோதனையும் அதையே சொல்லிவிட்டது. என்றைக்கோ, நான் வருவதற்கு முன்பே, யாரோ ஒருவர் கை தவறி வேறு ஒரு புற்றின் செல் ஒரு துளி உள்ளே விழுந்திருக்கிறது. அது வேகமாக வளரும் ஜாதி. தொண்டைச் செல்களைப் பட்டினி போட்டுத் தீர்த்துவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் குப்பிமேல் தொண்டை என்று எழுதி, வருஷக்கணக்காக வேறு எதற்கோ தீனி போட்டிருக்கிறோம். அந்த மாத்திரை கொல்வது அதைத்தான். உங்கள் தொண்டையில் இருப்பதை அது தொடும் என்பதற்கு எங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

நீங்கள் கேட்டபோதே முதல் முடிவு என் மேசையில் இருந்தது. தலைவருக்குப் பயந்து உங்களுக்கு அந்தப் பதிலை எழுதினேன்.

உங்கள் டாக்டருக்கு எழுதினேன். லேப் தலைவர் சொன்னால்தான் மாத்திரைச் சோதனையை நிறுத்த முடியும், அதுவரை நோயாளியின் விருப்பம் என்கிறார். தலைவர் இன்னும் ஒரு மாதம் கேட்கிறார். அவரை மீறி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் நானே எழுதிவிட்டேன். என் வேலை போகும், போகட்டும். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் வந்ததும் கிளம்பி வருவேன். காத்திருக்காதீர்கள். அண்ணனிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அவன் சொல்வதைக் கேளுங்கள்.

பேச்சு போனால் போகட்டும் அப்பா. நீங்கள் எழுதுவீர்கள், நான் படிப்பேன்.

குட்டிம்மா


ஜூன் 2

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நான் சுகம். மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கிறது. இரண்டு நாளாக இருமினால் லேசாகச் சிவப்பு வருகிறது. உள்ளே இருக்கிற கெட்டது கழிகிறது என்று நினைக்கிறேன். சாப்பாட்டைக் கரைத்துத்தான் குடிக்கிறேன், மெல்லுகிற வேலை மிச்சம்.

உன் அண்ணன் புதிதாக ஒரு வித்தை காட்டுகிறான். நீயே மாத்திரையை நிறுத்தச் சொன்னாயாம். போனில் வந்தது என்று ஒன்றைக் காட்டினான். அது அச்செழுத்து, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் நாளிலிருந்தே என் கழுத்தை அறுக்கச் சொன்னவன் அவன். டாக்டரும் என்னமோ கேட்டார், கேளாத காதைக் காட்டிவிட்டேன். 'அவள் கையால் எழுதட்டும், கேட்கிறேன்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பாவம், அழுதுவிட்டான். நடிப்பில் அப்படியே உங்கள் அம்மா மாதிரி.

ஒரு நல்ல சேதி. ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் பஸ் டிரைவர், இன்னொருத்தி தையல்காரம்மா. இரண்டு பேருக்கும் என் வியாதிதான். ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். 'நன்றாகக் கேட்கிறது' என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். டிரைவர் படித்துவிட்டு, "உங்க பொண்ணே சொல்லிட்டாளா? அப்புறம் என்ன" என்றார். ஆப்பரேஷனை விட்டுவிட்டு இரண்டு பேரும் மாத்திரைக்கு மாறிவிட்டார்கள். தையல்காரம்மாவுக்குக் கையெழுத்து வராது. நான் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். நேற்று தானே பெயர் எழுதிப் போட்டுவிட்டாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உறைமேல் உன் கையெழுத்து. தொட்டால் கனமாக இருக்கிறது, நிறைய எழுதியிருக்கிறாய். அண்ணன் பிடுங்கிப் பிரிக்கப் பார்த்தான். கொடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எழுதினால் கண் களைத்துவிடுகிறது. நாளைக்குத் தையல்காரம்மாவையும் டிரைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரிக்கலாம் என்றிருக்கிறேன். அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

அவசரம் என்ன? ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகப் படிப்பேன்.

உன் அப்பா