மஸ்கட் ஒன்று

ஜூன் 10, திங்கள்

நேற்று கடை வெப்சைட்டைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் மும்பை. ஒருவர் மஸ்கட்.

வந்திருக்கிறான்.

ஜூன் 12

ராஜபாண்டி மஸ்கட் போய் இரண்டு வருஷம். காசிம் பாயின் தோல் பை பட்டறைக்கு இந்த சைட்டைக் கட்டிக் கொடுத்ததே அவன்தான். பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதை நடத்தக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். கிளம்பும்போது, "போன் போட முடியலன்னாலும் தெனமும் சைட்டத் தொறந்து பாப்பேன் மாலதி. நான் இருக்கேன்னு தெரிஞ்சிக்கோ" என்றான்.

போன் நின்று ஒரு வருஷம் ஆகிறது. நானாகக் கூப்பிட்டேன், நம்பர் மாறியிருந்தது. அவன் அம்மாவிடம் கேட்க ரோஷம் விடவில்லை. அந்த மஸ்கட் ஆள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

ஜூன் 20

பாய் இன்று ஒரே கத்தல். கூகுளில் தேடினால் நம் கடை எங்கோ பத்தாம் பக்கத்தில் கிடக்கிறது. எப்படி மேலே வரும்? சைட்டில் இருப்பதெல்லாம் "சிறந்த தோல் பை, மும்பையின் சிறந்த தோல் பை" என்று ஒரே பஜனை. படிக்கிறவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அதைவிடக் கூத்து விலாசம். இருப்பது தாராவி, போட்டிருப்பது பக்கத்தில் இருக்கும் கௌரவமான சயான். இங்கே எல்லோரும் அப்படித்தான். வேலைக்கு மனுப் போட்டால் சயான், பெண் பார்க்க வருகிறவர்களிடமும் சயான். "தாராவி லெதர்" என்று தேடுகிறவர்களுக்கு எங்கள் சைட்டில் தாராவி என்ற சொல்லே கிடையாது!

"தாராவின்னு போட்டா எவம்மா வாங்குவான்? இருக்கிற கஸ்டமரும் காலிபீலியா, வீணா ஓடிருவான்."

"தேடுறவனே தாராவின்னுதானே பாய் தேடுறான்?"

பாய் டீ சொன்னார்.

ஜூலை 3

விடாத மழை. மழைக்காலத்தில் தோல் பையில் பூசணம் பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். வெயிலில் போடக் கூடாது, ஃபேன் காற்றில் ஆறவிட வேண்டும், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைக்கக் கூடாது. எதிரே அவன் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டேன். புரியாத இடத்தில் புருவத்தைத் தூக்குவான். அங்கே இன்னொரு வரி சேர்த்தேன்.

மஸ்கட் ஒன்று.

ஜூலை 19

ரெக்ஸினையும் தோலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இன்னொரு பக்கம். பட்டறையைப் படம் எடுத்துப் போட்டேன். ஒரு படத்தின் ஓரத்தில் நானும் கொஞ்சம் இருக்கிறேன். பச்சை குர்தா. வேண்டுமென்றேதான். இளைத்துவிட்டேன் என்று கண்டுபிடிப்பானா?

ஆகஸ்ட் 2

"தாராவின்னே போட்டுத் தொலை" என்றார் பாய். சந்தின் பெயரோடு போட்டேன்.

ஆகஸ்ட் 24

முதல் பக்கம்! "தாராவி லெதர் பேக்" என்று தேடினால் நான்காவதாக வருகிறோம். பூசணப் பக்கத்தைத்தான் ஊரே படிக்கிறது. பாய் பட்டறைக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

மஸ்கட் இன்றும் ஒன்றுதான். கருத்து எழுத கீழே ஒரு பெட்டி இருக்கிறதே பாவி, அதில் ஒரு வார்த்தை போட்டால் விரல் தேய்ந்தா போயிடும்? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். உன்னைப் பாக்கணும் போல இருக்குடா. அவ்வளவுதான்.

செப்டம்பர் 9

மஸ்கட் நம்பரிலிருந்து வாட்ஸப்பில் அழைப்பு. எடுத்தால் பெண் குரல்.

"என் பேரு தமன்னா. ஊரு கடையநல்லூரு. இங்க மஸ்கட்ல பேக் கடை வச்சிருக்கேன். ஒரு வருசமா ஒங்க சைட்டத்தான் தொறந்து தொறந்து பாக்கேன். சரக்கு புடிச்சிருக்கு. ஆனா மேப்புல பாத்தா தாராவி, எழுதியிருக்கது சயான். ஏமாத்துக்காரங்களோன்னு பயந்து கெடந்தேன். இப்பத்தான் உள்ளத உள்ளபடி போட்டிருக்கீங்க."

ஆர்டரைக் குறித்துக்கொண்டேன். வைக்கப் போகும்போது, "தெனமுமா அக்கா பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"தெனமுந்தான். கடையத் தொறந்ததும் மொத வேலயே அதான்."

செப்டம்பர் 10

இந்த ஒரு வருஷத்தில் அவன் ஒரு நாள்கூட வரவில்லை.

செப்டம்பர் 13

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "ஒன் எழுத்துதாம்மா அந்தப் புள்ளயக் கொண்டாந்துச்சு" என்றார். சிரித்துவைத்தேன். தமன்னா அக்காமேல் எனக்கு என்ன கோபம்? நான் எழுதியதை நம்பி வாங்கியவர். ஆனால் புதுப் பக்கம் எழுத உட்கார்ந்தால் எதிரே புருவம் தூக்க ஆள் இல்லை. ஒரு வரியும் ஓடவில்லை.

அக்டோபர் 5, சனி

பையின் வார் அறுந்தால் வீட்டிலேயே தைப்பது எப்படி என்று எழுதி முடித்துவிட்டேன். சுமாராக வந்திருக்கிறது.

தமன்னா அக்கா சொல்லி அங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் பார்க்கிறார்கள் போல. மஸ்கட் இன்று முப்பத்தொன்று.

இதில் ஒருவன் அவனாக இருக்கலாம்.