கொடுக்காமல் வைத்திருந்த வயர்

மாமி,

கைப்பையின் ஜிப் நேற்று ஒரேயடியாகப் போய்விட்டது. புதுப் பைக்கு மாற்றுவதற்காக உள்ளே இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினேன். பஸ் டிக்கெட்டுகள், ஜெபமாலை, தலைவலித் தைலம், மூடி தொலைந்த பேனா. கடைசியாக உள் ஜிப்பிலிருந்து அந்தச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட் விழுந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை வயர். அதன் ஒரு முனையைப் போனில் சொருகலாம். மறுமுனையில் பழைய ஹெட்போனைச் சொருக ஒரு ஓட்டை இருக்கும். வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை.

இதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நினைத்ததும் ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் நானே வரவழைத்துக்கொள்வேன். நேரில் சொல்ல வாய்ப்பிருந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவள், இப்போது எழுதுகிறேன்.

என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர் நீங்கள். ஆனாலும் ஆபீஸில் எல்லோருக்கும் மாமி. மேலதிகாரிகூட ஃபைல் கேட்கும்போது மாமி என்றுதான் கூப்பிடுவார். பதினேழு வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தோம். காலையில் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும் நீங்கள், பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்து வருவீர்கள். நான் மாம்பழச்சாலையில் ஏறுவேன். பையை மடிக்கு மாற்றிவிட்டு ஹெட்போனின் ஒரு பக்கத்தை நீட்டுவீர்கள். ஜன்னலோரம் உங்களுக்கு. உங்கள் வலது காதில் ஒன்று, என் இடது காதில் ஒன்று. வயர் குட்டை என்பதால் தலையைச் சாய்த்துக்கொண்டால்தான் எட்டும். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். இறங்குவதற்குள் இன்னும் ஐந்தாறு கேட்டுவிடுவோம். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிக்கெட்டா குடுத்துடவா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டதற்கு, அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தீர்கள்.

உங்கள் வீட்டில் அந்த ஹெட்போனுக்கு வேறு பெயர். அடுப்படியில் காதில் மாட்டிக்கொண்டு நீங்கள் நிற்கும்போதெல்லாம், உபன்யாசம் கேட்பதாகத்தான் மாமா நம்பினார். முதல் நாள் உண்மையிலேயே உபன்யாசம்தானாம். மறுநாள் விரல் தவறிப் பழைய சினிமாப் பாட்டுக்குப் போனதாம். அதன் பிறகு விரல் திரும்பவே இல்லை. "பெருமாளுக்குத் தெரியும்டி. இவருக்கு எதுக்குத் தெரியணும்" என்று என்னிடம் சொல்வீர்கள். இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கர்வம் என்று எழுதியபிறகு அடுத்ததையும் எழுதத்தான் வேண்டும். ஆபீஸில் யாருக்குப் போன் வாங்குவதென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். என் மகள் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தவள்போல் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகன் வீடியோவில் கூப்பிட்டால் உங்கள் பழைய போன் நின்று நின்று போனது. புதிது வாங்க வேண்டும், கூட வா என்று என்னைத்தான் அழைத்தீர்கள்.

கடையில் போனைக் கையில் வாங்கியதும் நீங்கள் அதன் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் எல்லாம் திருப்பிப் பார்த்தீர்கள். "ஹெட்போன் சொருகற ஓட்டை எங்கே?" என்று கேட்டீர்கள். கேட்டது கடைக்காரரை. முந்திக்கொண்டு பதில் சொன்னது நான்.

"அதெல்லாம் இப்ப யாருக்கு வேணும் மாமி? காருக்கு வந்து கடையாணி கேக்கறீங்களே."

கடைக்காரர் சிரித்தார். போன் பார்க்க வந்திருந்த காலேஜ் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்களும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். ஓட்டை உள்ள போன்களும் கடையில் இருக்கின்றன, காட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். வயர் இல்லாமல் காதில் வைத்துக்கொள்ளும் இரண்டு குமிழ்களை, அவற்றின் டப்பாவோடு எடுத்து, "இது வயர் இல்லாமலே கேக்கும், காதுல வச்சா போதும்" என்று உங்கள் கையில் வைத்தேன். பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லி, உங்கள் பையிலிருந்து நானே எடுத்து நீட்டினேன். ஒரு நிமிடம் அதை வாங்கிப் புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தீர்கள்.

அந்தக் குமிழ்களுக்கும் உங்களுக்கும் முதல் வாரமே ஒத்துவரவில்லை. இடது கையில் ஊசி ஏற்றிவிட்டால் நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால் டப்பாவைத் திறக்க வராது. மெல்லத் திரும்பினால் ஒன்று காதிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிடும். அதை எடுத்துத் தரச் சொல்லி சிஸ்டரைக் கூப்பிட உங்களுக்குக் கூச்சம். பழைய ஹெட்போன் விழுந்தாலும் வயரில் தொங்கும். பிடித்து இழுத்தால் வந்துவிடும். இதையெல்லாம் நீங்கள் புகாராகச் சொல்லவில்லை. போனில் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

பிறகு அந்த டயாலிசிஸ் பிரிவில் யாரோ உங்களுக்கு இந்த வயரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "சின்னதா ஒரு வயர் இருக்காமே ஸ்டெல்லா. அதை நடுவுல போட்டா நம்ம பழைய ஹெட்போனையே சொருகிக்கலாமாம். வர்றச்சே வாங்கிண்டு வரியா? இவர்ட்ட சொன்னா நாலு கடை ஏறி இறங்கி வேற எதையாவது வாங்கிண்டு வந்துடுவார்" என்றீர்கள். வாங்கி வருகிறேன் என்றேன். அடுத்த முறை நீங்கள் நினைவுபடுத்தியபோது மறந்துவிட்டதாகச் சொன்னேன். மூன்றாவது முறை, அந்தக் கடை அன்று மூடியிருந்ததாகச் சொன்னேன்.

மறக்கவில்லை மாமி. கடையும் திறந்துதான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். வாங்கிக் கொடுத்தால், கடையில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது தவறு என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று பல நாள் தேடியிருக்கிறேன். இல்லை.

மூன்றாவது முறைக்குப் பிறகு மனசு உறுத்தி ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாங்கிவிட்டேன். மறுநாள் ஆபீஸ் விடுமுறை, உங்களுக்கு டயாலிசிஸ். வழக்கம்போல் உங்களைப் பார்க்க வந்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. உங்கள் இரண்டு காதிலும் அந்தக் குமிழ்கள். கண்ணை மூடி, வலது கை விரலால் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "பாத்தீங்களா மாமி, பழகிட்டா சரியாயிடும்னு சொன்னேன்ல" என்றேன். "ஆமாண்டி. நன்னா கேக்கறது" என்றீர்கள். அப்போது என் கை பைக்குள்தான் இருந்தது. பாக்கெட் விரலில் பட்டது. கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடினேன். இனி இது எதற்கு என்று தோன்றியது. இதை நான் வாங்கினேன் என்பதே தெரிய வேண்டாம் என்றும் தோன்றியது.

பிறகு ஒரு மணி நேரம் என் மகள் கல்யாணப் பேச்சைப் பற்றிப் பேசினேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாதென்று தணிந்த குரலில் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னீர்கள். இரண்டு காதிலும் பாட்டு ஓடுகிறவருக்கு என் குசுகுசுப்பு எப்படிக் கேட்டது என்று என் மரமண்டையில் உறைக்கவில்லை. அப்படி மூன்று சனிக்கிழமை வந்தேன். மூன்று முறையும் குமிழ்கள் காதில் இருந்தன. மூன்று முறையும் பாக்கெட் பையில் இருந்தது. நான்காவது சனிக்கிழமைக்கு முன்பே, ஒரு புதன்கிழமை விடியற்காலையில், நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டீர்கள்.

தகனம் முடிந்த நாலைந்து நாளில், ஆஸ்பத்திரி அலமாரியில் உங்கள் போர்வை கிடக்கிறது, வாங்கி வர முடியுமா என்று மாமா கேட்டார். போனேன். சிஸ்டர் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். போர்வை, காலுறை, நடுவில் உங்கள் பழைய ஹெட்போன். அழகாகச் சுற்றித் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தீர்கள். புதுப் போனில் சொருக முடியாததை ஏன் இங்கே வைத்திருந்தார்கள் என்று சிஸ்டரைக் கேட்டேன்.

அவருக்கு என் பெயரும் தெரியாது, முகமும் நினைவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். "அவங்க ஃப்ரெண்டு ஸ்டெல்லான்னு ஒருத்தங்க ஏதோ வயர் வாங்கிட்டு வருவாங்களாம் மேடம். வந்ததும் சொருகிக்கணும்னு பக்கத்துலயே வச்சிருப்பாங்க. அந்த காதுல வைக்கிறதுல சார்ஜே இருக்காது. அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் என்னைய மாட்டிவிடச் சொல்லுவாங்க. ஆசையா வாங்கிக் குடுத்தது, போடலைன்னா அவளுக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லுவாங்க."

நான்தான் ஸ்டெல்லா என்று சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பையை வாங்கி வந்து மாமாவிடம் சேர்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், மறுநாள் ஆபீஸுக்கும் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. நான் நின்றுகொண்டே போனேன்.

பதின்மூன்றாம் நாள் மாமா வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, உங்களுக்கு வேண்டியதை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தவள் என்று சொன்னார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

போன வாரம் உங்கள் முதல் வருஷத் திவசம் முடிந்தது. அதுவரை பீரோவில் வைத்திருந்த உங்கள் போனை மாமா எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறார். நேற்று, நான் கட்டிலில் பையைக் கொட்டிவிட்டு அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பதற்றம். ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணியாகத் தேடுகிறாராம்.

"ஸ்டெல்லாம்மா, இதுல இதைச் சொருகறதுக்கு எடமே இல்லையே. அப்பறம் அவ எப்படிம்மா கேட்டுண்டிருந்தா?"

மாமி, சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் ஒரு வருட பாரம் எனக்கு ஒரு நொடியில் இறங்கியிருக்கும். "அது வயர் இல்லாமலே கேக்கும் மாமா. அந்த வெள்ளை டப்பால இருக்கே, அதைக் காதுல வச்சா போதும்" என்றேன். கடையில் உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்படியா? நல்லதும்மா. நாலு மணி நேரமும் அந்த மெஷின் சத்தத்தையே கேட்டுண்டு கெடந்தாளோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். பெருமாள் கதை காதுல விழுந்துண்டே இருந்திருக்கு. அது போறும்."

போனை வைத்தேன். இனி அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் எனக்கு ஆறுதல். அவருக்கோ அந்த நாலு நாலு மணி நேரமும் திரும்ப வந்துவிடும். உங்களிடம்தான் சொல்ல முடியும். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

டிக்கெட்டுகளையும் பேனாவையும் குப்பையில் போட்டேன். ஜெபமாலையையும் தைலத்தையும் புதுப் பைக்கு மாற்றினேன். பாக்கெட்டைப் பிரிக்காமல் அதன் உள் ஜிப்பில் வைத்து மூடினேன்.

உங்கள்,
ஸ்டெல்லா