தினம் ஒரு பாக்கெட் வெயில்

மார்ச் 11, செவ்வாய்

காலை டியூட்டி. பன்வேல் போய் வந்து, மறுபடி வாஷி போய் வந்தேன். வலது காதில் சத்தம் நிற்கவில்லை. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீற்றம் கிளம்புமே, அதேதான். விசில் மட்டும் வராது. வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட்டில் மெடிக்கல் இருக்கிறது. ரயில்வே டாக்டர் கண், காது, ரத்தம் எல்லாம் பார்த்து ‘ஃபிட்’ என்று எழுதினால்தான் மும்பை லோக்கல் ரயிலின் கடைசி கேபினில் நான் நிற்க முடியும். காது சரியில்லை என்று தெரிந்தால் ஏதாவது ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். கார்டு என்ற பெயரை எடுத்துவிட்டு எங்களை ட்ரெயின் மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு பெட்டியை மேனேஜ் செய்கிற மாரிசெல்வத்துக்கு ஒரு காதை மேனேஜ் செய்யத் துப்பில்லை.

தமிழில் டைரி எழுதுவதில் ஒரு வசதி. மகள் இசக்கிசெல்வி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், இரண்டாவது வரியில் கொட்டாவி விடுவாள். என் மனைவி விஜயராணிக்கு என் கையெழுத்தைப் பார்த்தாலே தலைவலி. நாங்கள் குடியிருக்கும் ஆண்டாப் ஹில்லில் இதைவிடப் பத்திரமான இடம் எனக்கு இல்லை.

மார்ச் 15

ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஃபைலில் ஏறிவிடும். அதனால் தாராவியில் ஒரு காது டாக்டரிடம் திருடன் மாதிரிப் போனேன். பிறந்து வளர்ந்த இடம் என்பது மறந்துவிட்டது. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கால் வைத்ததுமே, “ஏல மாரி, இங்கன எங்க?” நாலு பேர் கேட்டார்கள், நாலு பேருக்கும் நாலு பொய்.

டாக்டர் சொன்னார்: இதன் பெயர் டின்னிட்டஸ். இதற்கென்று மாத்திரை கிடையாது. கேட்கிற டெஸ்ட் எடுக்க வேண்டும். டெஸ்ட் வேண்டாம் என்றேன். ரத்தம் மட்டும் எடுத்தார்கள். விட்டமின் டி ரொம்பக் குறைவாம்.

“வெயில்ல நிக்கிற வேலைதான?”

“ஆமா சார். ஆனா கேபினுக்கு உள்ள.”

வாரத்துக்கு ஒரு பாக்கெட் பவுடர் பாலில் கலந்து, எட்டு வாரம். “இது உடம்புக்கு. காதுக்கு இல்ல,” என்று தெளிவாகத்தான் சொன்னார்.

மார்ச் 16

முதல் பாக்கெட். ஆரஞ்சு மிட்டாய் ருசி. சாயங்காலம் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா? குறைந்தது. குறைந்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 30

தாணே மச்சான் பிச்சையா ஃபோனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். டை கட்டிய ஒருவர், காதுச் சத்தத்துக்குக் காரணமே டி பற்றாக்குறைதான் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். பிச்சையாவுக்கு என் காது விஷயம் தெரியாது. அவன் எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்புகிறவன். இருந்தாலும் எனக்கென்றே வந்ததுபோல ஐந்து தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 6

இன்றைக்கு என் மூளை வேலை செய்தது. வாரம் ஒன்றுக்கே இவ்வளவு குறைகிறது என்றால் தினம் ஒன்று போட்டால்? வெயில் தினமும்தானே அடிக்கிறது? வாரத்துக்கு ஒருநாளா அடிக்கிறது? டாக்டருக்கு இது தோன்றவில்லை பார்.

பத்தாவது எஸ்.எஸ்.சி.யில் கணக்கில் ஜஸ்ட் பாஸ் ஆனவன் மருத்துவத்தில் இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 19

ஒரே கடையில் கேட்டால் சந்தேகப்படுவார்கள். குர்லாவில் ஒரு நாள், செம்பூரில் ஒரு நாள், வாஷியில் ஒரு நாள். ரயில்வே வேலையின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

மே 2

விஜயராணி பிடித்துவிட்டாள் — பவுடரை இல்லை, பாலை.

“கல்யாணமான நாள்லேருந்து பாலைக் கண்டாலே மூஞ்சியச் சுளிப்பிய. இப்பம் தெனமும் ஒரு டம்ளர் கேக்கிய. என்ன, வயசு திரும்புதோ?”

“எலும்புக்கு நல்லது.”

“எலும்புக்கா!” என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் பாதாம் பருப்பு வேறு ஊறவைக்க ஆரம்பித்துவிட்டாள். எந்த நம்பிக்கையில் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மே 9

தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர். குடித்ததெல்லாம் உடனே வெளியே வருகிறது. வரவேண்டிய இன்னொன்று நாலு நாளாக வரவில்லை. வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை. மும்பை மே மாசம் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காது? அப்படியே இருக்கிறது. நல்ல மருந்து என்றால் மெதுவாகத்தான் கேட்குமாம். யார் சொன்னது? நான்தான்.

மே 14

கேபினில் கழிப்பறை கிடையாது. பன்வேல் வண்டி என்றால் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் நின்றபடி. அதனால் டியூட்டிக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, ஆனாலும் முட்டுகிறது. உள்ளே எங்கிருந்துதான் ஊறுகிறதோ தெரியவில்லை.

மே 21

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் நாளைக்கு மற்றவர்கள் சொல்கிற கதைதான் மிஞ்சும்.

வாஷியில் கிளம்பும்போதே அடிவயிறு கல்லாக இருந்தது. மான்கூர்த் வந்ததும் முருகனைக் கூப்பிட்டேன். கோவண்டியில் எல்லா சாமியையும் கூப்பிட்டேன். செம்பூரில் வண்டி நின்றதும் இன்டர்காமில், முன்னால் வண்டி ஓட்டும் மோட்டார்மேனைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பத்ரி. மாட்டுங்கா ஆள், இருபது வருஷப் பழக்கம்.

“பத்ரி, வண்டிய எடுக்காத. கொஞ்சம் நில்லு.”

“என்னாச்சு? யாராவது விழுந்துட்டாளா?”

“இல்ல. எனக்கு ஒண்ணுக்கு வருது.”

அந்தப் பக்கம் ஒரு இருமல். அப்புறம், “சமத்தா அடக்கிக்கோ. இதோ குர்லா வந்துடும்.”

“குர்லாவுக்கு முன்னாடி இது வந்துரும் பத்ரி.”

வெள்ளை யூனிஃபார்மோடு பிளாட்பாரத்தில் ஓடினேன். காலைக் கூட்டம் முழுக்க ஜன்னலில். “அரே கார்டு சாப், கஹான் பாக் ரஹே ஹோ?” எங்கே ஓடுகிறீர்கள் என்று எவனோ கத்த, ஒரு பெட்டியே கைதட்டியது. கழிப்பறையில் முன்னால் நின்ற இரண்டு பேர் யூனிஃபார்மைப் பார்த்ததும் பதறி விலகினார்கள். செக்கிங் என்று நினைத்திருப்பார்கள். நான் திரும்பி வரும்போது பின்னால் வந்த வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

மே 22

மேலதிகாரி கூப்பிட்டுக் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு நான் செம்பூரில் பட்டதற்குக் குறைவில்லை. சர்க்கரையாக இருக்கும், உடனே ஸ்பெஷல் மெடிக்கலுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

மெடிக்கலில் மாட்டக் கூடாது என்றுதான் பவுடரே தின்றேன். அது என்னை மூன்று மாதம் முன்னாலேயே மெடிக்கலுக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

மே 24

ரயில்வே ஆஸ்பத்திரியில் படுக்கை. கையில் சலைன். டாக்டர் வந்தனா, செம்பூர்த் தமிழ்ப் பெண், என் மகளைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம்.

“சர்க்கரை இல்லை மாரிசெல்வம். கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. என்ன சாப்பிடறீங்க?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“டி லெவல் மெஷின் காட்டற அளவையே தாண்டியிருக்கு. ஒண்ணுமில்லாம எப்படி?”

“வாரம் ஒரு பாக்கெட்...”

“வாரமா?”

“தெனமும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்படியே போயிருந்தால் கிட்னி கெட்டிருக்கும், இதயமும் தாளம் தப்பியிருக்கும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எதுக்காக இத்தனை?”

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“முட்டி வலி மேடம்.”

இரண்டு முட்டியையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருபது வயதுப் பையனின் முட்டி மாதிரி இருக்கிறதாம்.

மே 30

வீட்டுக்கு வந்துவிட்டேன். பால், தயிர், வெயில் எதுவும் கொஞ்ச நாளைக்குக் கூடாது. விஜயராணி பாதாமை எடுத்துப் பக்கத்து வீட்டு சபுராவிடம் கொடுத்துவிட்டாள்.

“முட்டி வலின்னு எங்கிட்ட ஒரு நாள் சொன்னியளா? மாடிப்படில குதிச்சுக் குதிச்சுத்தான ஏறுதிய? என்னத்த மறைக்கிய நீங்க?”

தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 20

கால்சியம் இறங்கிவிட்டது. டியூட்டிக்கு ஃபிட். ரத்தத்தைத்தான் பார்த்தார்கள், காதைத் தொடவில்லை. டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் எல்லாரும் என்னை ‘செம்பூர் எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். கேபின் கதவில் காற்று முகத்தில் அடிக்க நின்றேன், ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இந்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான். எனக்குப் பின்னால் யாரும் கிடையாது.

காது பழையபடி. கொஞ்சம் கூடியிருக்கிறதோ? தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஜூலை 8

கிண்டல் எழுத இன்று மனசில்லை.

கார்டும் மோட்டார்மேனும் வண்டியின் இரண்டு கோடியில் இருக்கிறோம். எங்களுக்கு நடுவே பெல்தான் பேச்சு. நான் இரண்டு அடித்தால் ‘கிளம்பு’. அவர் இரண்டு அடித்தால் ‘சரி’. ஒன்று அடித்தால் ‘நிறுத்து’.

வடாலாவில் கொட்டுகிற மழை. இரண்டு அடித்தேன். பதில் வரவில்லை. மறுபடி இரண்டு அடித்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

பத்ரி பதில் அடித்திருக்கிறான். பெல் என் தலைக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மழையும் என் காதுச் சீற்றமும் சேர்ந்து அதை முழுங்கிவிட்டன. அடுத்த தடவை அவன் ஒன்று அடித்தால்? கதவில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் — என் இசக்கி வயசு — ஐயோ, என்ன காரியம்ல பண்ணிக்கிட்டு இருக்க நீ? ஒரு நாற்காலிக்குப் பயந்துக்கிட்டு?

கடைசி ஸ்டேஷன் சி.எஸ்.எம்.டி.யில் இறங்கியதும் பத்ரி கேட்டான், “ஏன் ரெண்டு தடவை அடிச்சே?”

சொல்லிவிட்டேன். காது, பவுடர், பொய் முட்டி எல்லாவற்றையும். அவன் டிபன் பையைத் தோளில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீயே போய் வந்தனாட்ட சொல்லிடு மாரி. என்னைச் சொல்ல வெச்சுடாதே,” என்றான்.

ஜூலை 9

“முட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டார் டாக்டர் வந்தனா.

“முட்டிக்கு ஒண்ணுமே இல்ல மேடம். அன்னிக்கும் இல்ல.”

கேட்டு முடித்ததும் சொன்னார், “டி குறைஞ்சிருந்தா அதைச் சரிபண்ணணும். அது வேற. நிறையத் தின்னா காதுச் சத்தம் நிக்கும்னு யாரும் நிரூபிக்கலை. வாங்க, காதை டெஸ்ட் பண்ணலாம்.”

சத்தமே புகாத ஒரு சின்ன அறை. ஹெட்ஃபோன். மெல்லிய ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அறையின் அமைதியில் என் சீற்றம் மட்டும் ஆனந்தமாகக் கச்சேரி நடத்தியது. நடுநடுவே குத்துமதிப்பாக அழுத்தினால் தப்பித்துவிடலாம், போன மெடிக்கலில் கொஞ்சம் அப்படித்தான் செய்தேன். இன்று கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். ரொம்ப நேரம் கட்டை விரல் சும்மாவே இருந்தது. இருபத்து நாலு வருஷ சர்வீசில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை.

ஜூலை 12

வலது காதில் மேல்ஸ்தாயிச் சத்தங்கள் கேட்பதில்லையாம். ரயிலில் ஏற அன்ஃபிட். ஆறு மாதம் லைட் டியூட்டி, அப்புறம் மறுபடி டெஸ்ட். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார். கொடி, விசில், டார்ச் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன்.

வீட்டுக்கு வந்து விஜயராணியிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பிறகு, “இதுக்குத்தானா அந்தப் பாலு? நான் என்னென்னமோ நெனச்சு பாதாம் ஊறப்போட்டேனே!” என்றாள். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இசக்கி ஓடிவந்து பார்த்தாள்.

ஆகஸ்ட் 5

லாபியில் நாற்காலி. டியூட்டிக்கு வருகிற ஒவ்வொரு மோட்டார்மேனும் கார்டும் என் முன்னால் குனிந்து, குடித்திருக்கிறானா என்று பார்க்கும் மெஷினில் ஊத வேண்டும். இருபத்து நாலு வருஷம் காற்று வாங்கினேன். இப்போது ஊர்க்காரன் வாய்க்காற்றை வாங்குகிறேன். வெங்காயம் யார், பூண்டு யார் என்று சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 19

என் காதும் பவுடரும் லாபி முழுக்கத் தெரிந்த கதையாகிவிட்டன. இன்று ஒரு கார்டு ஊதினார். மெஷின் சரி என்றது. அவர் நிமிரவில்லை.

“மாரி பாய், அந்த பவுடர்... நிஜமாகவே கொஞ்சமாவது குறைந்ததா?” என்று இந்தியில், உதடு அசையாமல் கேட்டார்.

“யாருக்கு?”

“என் மைத்துனனுக்கு.”

ஆகஸ்ட் 28

மூன்று பேர் ஆகிவிட்டது. ஒருவருக்கு மைத்துனன், ஒருவருக்கு மாமனார், ஒருவருக்கு வீட்டுக்கு எதிரே இருக்கும் யாரோ. மூன்று பேரிடமும் ஒரே பதில்: குறையவில்லை, மூத்திரம்தான் கூடியது. அவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் உடனே போய்விடுவதில்லை. டாக்டர் வந்தனா எந்த நாளில் எந்த அறையில் இருப்பார் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 3

மத்தியானம் பத்ரி வந்தான். ஊதினான். சரி. குனிந்தபடியே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு யாரு, மச்சினனா?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“எனக்குத்தான்,” என்றான். “லெஃப்ட். மூணு வருஷமா. செம்பூர்ல நீ ஓடினப்போ என் பையிலயும் ஒரு பாக்கெட் இருந்தது.”

கோபம் வந்தது. என்னைப் போய்ச் சொல்லச் சொன்னவன்! அன்றைக்கு டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி நின்றவன். கேட்டுவிட வாயைத் திறந்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் ஓட்ட வேண்டிய வண்டி வெளியே நின்றுகொண்டிருந்தது. பின்னால் வரிசையில் நாலு பேர்.

“இன்னிக்கு வண்டி எடுக்காத,” என்றேன்.

“ம்,” என்றான். கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

மாற்று ஆளாகக் காத்திருந்த மோட்டார்மேனைக் கூப்பிட்டு அனுப்பினேன். பத்ரி என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். வரிசையில் அடுத்த ஆள் வந்து குனிந்து ஊதினான். நாளைக் காலை டாக்டரிடம் பத்ரியோடு நானும் போகிறேன். இரண்டு பேருக்கும் டிபன் கட்டச் சொல்லி விஜயராணியிடம் சொல்லிவிட்டேன்.